பச்சைப் பொத்தானை அமுக்கியவர்கள்

"பதினோரு பேர்" என்றார் ரகுபதி. "அறுநூத்திப் பன்னெண்டு பேர்ல பதினோரு பேர். அதுல ஒண்ணு நான், ஒண்ணு நீ."

பேச்சிராஜ் வாயைத் திறந்தான். ரகுபதி அந்தத் தொழிற்சாலையின் தலைவர். அவர் எதிரில் வாயைத் திறந்தவர்கள் சத்தம் வருவதற்குள் மூடிவிடுவது வழக்கம். அவனும் மூடிக்கொண்டான்.

வல்லம் வடகாலில் கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற தொழிற்சாலை அது. மாலையானால் யார் ஓ.டி. இருப்பார்கள், யார் வீட்டுக்குப் போவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பஸ் காலியாக ஓடும், இல்லையென்றால் ஆள் படியில் தொங்குவார்கள். கேன்டீனில் சோறு மிஞ்சும், இல்லையென்றால் சண்டை வரும். இதற்காகத்தான் ஒரு ஆப் செய்தார்கள். தினமும் இரண்டு மணிக்கு ஒவ்வொரு தொழிலாளியின் போனிலும் அது கேட்கும்: 'இன்று ஓ.டி. இருப்பீர்களா?' ஆம் என்றால் பச்சைப் பொத்தான், இல்லை என்றால் சிவப்பு. மூன்று மணிக்குக் கணக்கு பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் போய்விடும். ஆளெடுக்கும் நாளிலேயே எல்லோர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் கட்டி மேய்க்க, திட்டமிடல் பிரிவில் சும்மா இருந்த பேச்சிராஜைப் பிடித்து 'டிஜிட்டல் புராடக்ட் மேனேஜர்' ஆக்கினார்கள். ஆறு மாதச் சோதனைக் காலம்.

"வர்ற வெள்ளியோட ஆறு மாசம் முடியுது. எல்லாரும் அமுக்கணும். இல்லேன்னா அந்தப் பதவியும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே" என்றார் ரகுபதி.

பேச்சிராஜ் தன் கல்யாணத்தை நினைத்தான். கோவில்பட்டியில் கனகலட்சுமியின் அப்பா, 'மேனேஜர் மாப்பிள்ளை' என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஆவணியில் நாள் குறித்திருந்தார். அந்த வார்த்தை போனால் நாளும் போய்விடும். கனகலட்சுமியும் போய்விடுவாள்.

இந்த வேலைக்காக அவன் ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தான். 'வெற்றிக்கு வேண்டிய ஏழு திறமைகள்' என்று ஒரு தாளை அச்செடுத்துத் தன் திரைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தான். பயப்படுவது அந்தப் பட்டியலில் இல்லை. அது மட்டும் அவனிடம் தாராளமாக இருந்தது.

முதல் திறமை, 'பயனாளரிடம் பேசு'. போனான். சூப்பர்வைசர் கைகட்டிக் கூடவே நடக்க, மிஷினில் நின்றிருந்த இசக்கிபாண்டியிடம் கேட்டான்.

"தம்பி, நம்ம ஆப் எப்படி இருக்கு?"

இசக்கிபாண்டி சூப்பர்வைசரைப் பார்த்தான். பேச்சிராஜின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கு சார்."

"சிரமம் எதும் உண்டா?"

"ஒரு கொறையும் இல்ல சார்."

நாற்பது பேரிடம் கேட்டான். நாற்பது சூப்பர். அட்டை தொங்கவிட்டவர் வந்து 'எப்படி இருக்கு' என்று கேட்டால், சாம்பாரில் பல்லி கிடந்தாலும் மிஷின் லைனில் நிற்பவன் சூப்பர் என்றுதான் சொல்வான். அவனுக்கும் வேலை வேண்டும் அல்லவா? பேச்சிராஜ் நோட்டில் 'திருப்தி: நூறு சதவீதம்' என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டான்.

ஆப்பை எழுதிய ஐஸ்வர்யா பக்கத்து மேஜையில் இருந்தாள்.

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, ஆனா அமுக்க மாட்டேங்காங்க. ஏன்?"

"போனைத் திறந்து, ஆப்பைத் திறந்து, அப்புறம் அமுக்கணும். சோம்பேறித்தனமா இருக்கலாம் சார்."

"அப்ப போன் பூட்டியிருந்தாலும் மேலயே பொத்தான் வரட்டும்."

செய்தாள். மறுநாள் பதினான்கு பேர்.

"சத்தம் காணாது. சைலண்டுல கெடந்தாலும் கத்தணும். அமுக்குற வரைக்கும் நிக்கக் கூடாது."

"என்ன சத்தம் சார் வைக்கட்டும்?"

"ஆம்புலன்ஸ்."

"பாவம் சார், பயந்துடுவாங்க."

"நான் பயப்படலயா?"

மறுநாள் மூன்று மணிக்குக் கணக்கைப் பார்த்த பேச்சிராஜ் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டான். அன்று வேலைக்கு வந்திருந்த தொழிலாளிகள் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர். அத்தனை பேரும் அமுக்கியிருந்தார்கள். நூற்றுக்கு நூறு!

அந்தச் சந்தோஷம் சரியாக அரை நிமிடம் இருந்தது. அத்தனை பேரும் சிவப்பை அமுக்கியிருந்தார்கள்.

ரகுபதி அவன் மேஜைக்கே இறங்கி வந்துவிட்டார். "ஒரு ஆள் கூட பாக்கியில்லாம 'மாட்டேன்'னு சொல்லியிருக்காங்க. ஏன்யா, இதுக்குப் பேரு என்ன தெரியுமா? ஸ்டிரைக்! அவங்க கூடிப் பேசறதுக்கு நீ ஆப் பண்ணிக் குடுத்திருக்கே!"

அன்று ஓ.டி. ஓடவில்லை. அனுப்ப வேண்டிய கதவுகள் பாதியில் நின்றன. வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள்.

பேச்சிராஜ் தாளைப் பார்த்தான். 'தரவைக் கேள், அது காரணம் சொல்லும்' என்றிருந்தது.

"ஐஸ்வர்யா, செவப்ப அமுக்குனா விடாத. 'ஏன்?'னு கேளு. அஞ்சு கேள்வி. அஞ்சுக்கும் பதில் சொன்னாத்தான் சைரன் நிக்கணும்."

"பச்சைக்கு?"

"பச்சைன்னா ஒடனே நின்னுரட்டும்."

மறுநாள் அத்தனையும் பச்சை. ஒரு சிவப்பு கிடையாது.

ரகுபதி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டுச் சொன்னார். பேச்சிராஜுக்கோ சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம் வந்தது. நேற்று எல்லோரும் மாட்டேன் என்றார்கள், இன்று எல்லோரும் சரி என்கிறார்கள். அறுநூறு மனிதர்கள் எந்த விஷயத்தில் இப்படி ஒத்துப்போயிருக்கிறார்கள்?

ஐந்தரைக்கு பஸ் பொறுப்பாளர் லோகேஷ் மூச்சிரைக்க வந்தான். மண்ணூர்க்காரன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

"இன்னா சார் பண்ணி வெச்சிக்கீற? எல்லாம் பச்சைன்னு சொன்னியேன்னு அஞ்சு மணி பஸ்ஸு பதினாலையும் கேன்சல் பண்ட்டேன். பொண்ணுங்கல்லாம் வெளிய வந்து நின்னுகினு 'பஸ்ஸு எங்க'ன்னு கேக்குதுங்க."

"அவங்கதான பச்சைய அமுக்குனாங்க?"

"நாங்க அமுக்கவே இல்லன்றாங்க சார்!"

"அமுக்கலயா?"

"செவப்பும் இல்ல, பச்சையும் இல்லன்றாங்க. நீயே வந்து கேளேன்."

பேச்சிராஜ் போகவில்லை. இருநூறு பெண்கள் முன்னால் தனியாகப் போய் நிற்கும் திறமை அந்த ஏழில் இல்லை.

ஐஸ்வர்யா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இதைப் பாருங்க. ரெண்டு மணிலேர்ந்து நாலு செகண்டுக்கு ஒண்ணு. ஒருத்தர் அமுக்கி முடிச்சப்புறம்தான் அடுத்தவர். ரெண்டு பேர் சேர்ந்து அமுக்கினதே இல்லை. நேத்தும் இப்படித்தான்."

"மனுசங்க இப்படி வரிசையா அமுக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. யாரோ உள்ள பூந்துட்டாங்க சார்."

"ஹேக்கரா?"

"ஆனா ரெண்டு இருபதுக்கு ஆறு நிமிஷம் நிறுத்தியிருக்கான்."

"எதுக்கு?"

"தெரியலை. எல்லாமே ஒரே வைஃபைலேர்ந்து வந்திருக்கு. மெயின் கேட்டுல இருக்கிற பெட்டி."

பேச்சிராஜ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்ப அவன் உள்ளயே இருக்கான்."

அவன் கற்பனையில் சைபர் கிரைம் ஜீப் வந்து நின்றது. ஏறச் சொன்னது அவனைத்தான். கோவில்பட்டியில் கனகலட்சுமியின் அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது திறமை, 'கெட்ட செய்தியை மேலிடத்திடம் மறைக்காதே'. ரகுபதியின் அறைக்குப் போனான்.

"சார், ஒரு சின்னப் பிரச்சினை..."

"சின்னதுன்னா வெள்ளிக்கப்புறம் பேசலாம். பெருசுன்னா நீ இப்பவே வேற வேலை தேடலாம். எது?"

"சின்னதுதான் சார்."

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கனிஷ்கா மேடம் வந்தார். படங்களையும் எண்களையும் பார்த்தார். எதற்கும் தலையாட்டவில்லை.

"எண்ணெல்லாம் சரி. ரெண்டு மணிக்கு ஒருத்தர் பொத்தானை அமுக்கறதை நான் நேர்ல பார்க்கணும்."

"பேச்சிராஜ் காட்டுவார் மேடம்" என்று ரகுபதி பெருமையோடு அவனை முன்னால் தள்ளினார்.

இனி ஒளிய இடமில்லை. ஹேக்கரை எல்லோர் முன்னாலும் பிடித்தால் தப்பிக்கலாம், பிடிக்காவிட்டால் எப்படியும் வேலை போகப்போகிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"மெயின் கேட்டுக்குப் போலாம் மேடம்" என்றான்.

அலுவலகத்தாருக்குக் கார் நிறுத்தும் பக்கம் தனி வாசல். தொழிலாளிகள் வருகிற மெயின் கேட்டுக்கு பேச்சிராஜ் இந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை. லோகேஷ் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு கூட வந்தான். கேட்டை நெருங்க நெருங்க, காவல் அறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையிலிருந்து ஒரு பேரலறல் கிளம்பியது. ஊரிலுள்ள ஆம்புலன்ஸ் எல்லாம் உள்ளே புகுந்துகொண்டது போல இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

"அய்யோ, என்னய்யா இது?" என்றார் ரகுபதி.

"உள்ளதான் இருக்கான் சார்" என்றான் பேச்சிராஜ். 'கனகலட்சுமி' என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினான்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கேட் செக்யூரிட்டி லீலா, காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து சல்யூட் அடித்தாள்.

"எம்மா, நீ இங்க என்ன பண்ணுதே?" என்று கத்தினான் பேச்சிராஜ்.

"நல்ல வேள வந்தீங்க சார், ஆளுக்கு ஒரு வரிசை போனைப் புடிங்க, லைனுக்குள்ள எடுத்துகினு போவக் கூடாதுன்னு காலைல எல்லாரும் போனை என்னாண்ட குடுத்துட்டுப் போறாங்க, ரெண்டு மணியானா அத்தினியும் ஊளை வுடுது, பச்சையை அமுக்குனாத்தான் வாயை மூடுது, நடுவுல லாரி வந்தா கேட்டையும் போய்த் தொறக்கணும், நான் ஒருத்தியே எத்தினியைத்தான் அமுக்குறது?"