ஏழாம் நம்பர் பஸ்ஸில் அஞ்சு வருஷம்

கொட்டாவி விடுவதற்கு முன்னால்கூட, இதனால் ஐந்து வருஷம் கழித்து என்ன பிரயோஜனம் என்று யோசிக்கிற ஒரே ஒரு மனிதரைத்தான் கடவுள் படைத்தார். படைத்தவர் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடிவைத்து, தினமும் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் கம்பெனியின் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி, சரியாக எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இந்தச் சலுகை எனக்கு மட்டும் ஏன் என்று கடவுளைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா?" என்று கேட்பார். அதனால் அவர் பெயரே அஞ்சு வருஷம் ஆகிவிட்டது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒருமுறை ஷூ வாங்கப் போனவர், "அஞ்சு வருஷம் கழிச்சு இந்த அளவுல லேஸ் கிடைக்குமா?" என்று கேட்டார். கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

பொம்மசந்திராவில் பம்புகளுக்கு வார்ப்பு பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் கொள்முதல் பிரிவு. அவர் தரப் பரிசோதனை. நான் வாங்கிப் போடுவதை அவர் அளந்து பார்த்து, தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு, சந்தேகமாக இருந்தால் மஞ்சள் சீட்டு கட்டுவார். எனக்கு அதிகம் கிடைத்தது சிவப்பு. ஆக, எட்டு மணி நேரம் பகையாளிகள், பஸ்ஸில் மட்டும் சிநேகிதர்கள். சில்க் போர்டு சிக்னலின் தயவால் பஸ்ஸில் இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம்தான் என்பதால் கணக்கு சரியாகிவிடும்.

அந்த சிக்னலில் பிறந்ததுதான் எங்கள் ஃபுட்பால் லீக். பஸ்ஸில் பத்துப் பேர் சேர்ந்து, ஐரோப்பாவில் நிஜமாக ஆடுகிற ஆட்டக்காரர்களை ஆளுக்குப் பன்னிரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டோம். என் ஆள் அங்கே கோல் போட்டால் எனக்கு இங்கே புள்ளி. மற்றவர்கள் ஆடுகிற லீக்குகளில் வருஷா வருஷம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்கள் லீக்கில் அந்தப் பேச்சே இல்லை. ஒருமுறை எடுத்தவன் ஆயுசுக்கும் உன்னுடையவன். அவன் வேண்டாம் என்றால் இன்னொருவரிடம் கொடுத்து அவருடைய ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் டிரேடு. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருக்கிற மவுசு முப்பத்திரண்டு வயது சூரனுக்கு இருக்காது. இப்படி ஒரு லீக் அஞ்சு வருஷத்துக்காகவே அவதாரம் எடுத்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

எந்த டிரேடும் நியாயமா என்று பார்த்துச் சொல்கிற வேலையை யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்டார். அதற்காக ஒரு படிவம் தயாரித்தார். இடது பக்கம் ஒருவருக்குக் கிடைப்பது, வலது பக்கம் இன்னொருவருக்குக் கிடைப்பது, இரண்டுக்கும் கீழே ஐந்து வருஷத்துக்கு ஐந்து கட்டம். முடிவைப் பரிசோதனைக் கூடத்துச் சீட்டால்தான் சொல்வார். தன்னுடைய டிரேடு என்றால் மட்டும் தானே பார்க்க மாட்டார், என்னிடம் கொடுத்துவிடுவார். "சம்பந்தப்பட்டவன் வாயத் தொறக்கக் கூடாது மேன். நீ இன்னா சொல்றியோ அதான்" என்பார். ஒருமுறை, பகலில் நான் வாங்கிய சிவப்புகளையெல்லாம் நினைத்துக்கொண்டு, அவருடைய டிரேடுக்கு ஒரு சிவப்பு போட்டேன். மறுபேச்சில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு டீ எனக்குச் சரியாக இறங்கவில்லை.

பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அவருடைய ஆராய்ச்சியின் ஆழம் தெரியும். ஒரு ஆட்டக்காரனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது என்று செய்தி வந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம். அவர் பென்சிலை எடுத்து அவன் மதிப்பைக் குறைப்பார். "ரெண்டு வருஷம் தூக்கம் கெடும்பா. பந்து எங்க, கோல் எங்கன்னு நிப்பான்." இளம் ஆட்டக்காரனின் அப்பா படத்தைத் தேடிப் பிடித்து, அவர் தொந்தியைக் கூர்ந்து பார்ப்பார். மகனுக்கும் இருபத்தெட்டு வயதில் அது வந்து சேரும் என்று எழுதிவைப்பார்.

டிஸ்பேட்சில் இருந்த ஃபயாஸ், கணக்குப் பிரிவு மஞ்சுநாத்திடம் இருந்த ஒரு ஸ்ட்ரைக்கரைக் கேட்டது பெரிய கதை. ஆட்டக்காரர்களின் வெளிநாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அடையாளம் வைத்துத்தான் கூப்பிடுவோம். இந்த ஸ்ட்ரைக்கர் குடுமி. குடுமியைக் கொடுத்தால் தன்னிடம் உள்ள இரண்டு இளசுகளைத் தருவதாக ஃபயாஸ் சொன்னான். மஞ்சுநாத்தும் சரி என்றான். நம் அஞ்சு வருஷமோ மஞ்சள் சீட்டு கட்டி நிறுத்திவைத்தார்.

காரணம் கேட்டோம். குடுமி ஓடும்போது இடது காலை ஒரு மாதிரி இழுக்கிறானாம். அதே வீடியோவை பஸ்ஸில் நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் போனை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி டாக்டரிடம் போய்விட்டார்.

"டாக்டர், தொடைப் பின்பக்கம் நரம்பு புடிச்சிக்கிது. ஆளுக்கு இருபத்தாறு வயசு. அஞ்சு வருஷம் தாங்குமா?"

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆளு எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

"ஃபார்வர்டு லைன் டாக்டர்."

"அந்த லைன்ல வெயிட் தூக்குற வேலையா? சூப்பர்வைசரைக் கேட்டு மூணு நாள் லீவு போடச் சொல்லுங்க" என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் படிவத்தோடு பின் போட்டுக் குத்திவைத்தார் அஞ்சு வருஷம்.

பதினோராம் நாள் குடுமி ஆட்டத்தில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். தப்பித்த ஃபயாஸ் மறுநாள் பிரியாணி டப்பாவோடு ஏறினான். மாட்டிக்கொண்ட மஞ்சுநாத் பின் சீட்டுக்குப் போய்விட்டான். "குரு, அவர் கண்ணு வச்சுத்தான் உடைஞ்சுது. பாத்துட்டே இருந்தாரு, பாத்துட்டே இருந்தாரு, முறிஞ்சு ஹோய்த்து" என்று கன்னடம் கலந்து ஒரு மாதம் புலம்பினான்.

இவ்வளவு தெரிந்தவர் வருஷா வருஷம் கோப்பையை அள்ளியிருப்பார் என்று நினைப்பீர்கள். ஒரு தடவைகூட எட்டாம் இடத்தைத் தாண்டியதில்லை. அவருடைய அணியில் எல்லோருக்கும் வயது பதினெட்டு, பத்தொன்பது. ஐந்து வருஷத்தில் பழுப்பார்கள் என்று காத்திருப்பார். பழுத்து இருபத்து மூன்று ஆனதும், அடுத்த ஐந்து வருஷத்தில் இறங்குமுகம் என்று வேறொருவரிடம் தள்ளிவிட்டு மறுபடி பதினெட்டு வயதில் ஒருவனை வாங்குவார். நாங்கள் ஜெயித்ததெல்லாம் அவர் வளர்த்துக் கொடுத்த பிள்ளைகளால்தான்.

இப்படிப்பட்டவர் ஐந்து வருஷக் கணக்கு போடாத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் மனைவி நிர்மலா புனேயில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர். ஆறு வருஷமாகியும் அங்கேதான் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவர்தான் போய்வருவார். வந்த அன்று மட்டும் படிவம் எடுக்க மாட்டார். நாங்களும் எதையும் கேட்க மாட்டோம். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு திங்கட்கிழமை பஸ் மடிவாளாவைத் தாண்டும்போது அவர் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். இடது பக்கம் புனே ஃபேக்டரி. வலது பக்கம் பொம்மசந்திரா ஃபேக்டரி. புனேயில் எங்கள் கம்பெனிக்கே இன்னொரு கிளை உண்டு. அங்கே இருக்கும் ஒரு பரிசோதகருக்கு பெங்களூர் வரவேண்டுமாம். பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் போகலாமாம். கம்பெனி இவரைக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னாத்துக்கு எங்கிட்ட குடுக்கிற?" என்றேன்.

"என் டிரேடு மேன். நான் பாக்கக் கூடாதே. நீதான் பாக்கணும்."

"இது நெசமான வேலை விஷயம்பா. லீக் இல்ல."

"ஆளுக்கு ஆள் மாத்துறது எல்லாம் டிரேடுதான். வெள்ளிக்கிழமை காலைல சீட்டு குடு. பச்சையோ சிவப்போ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் பஸ்ஸில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. "அவரை விட்டா லீக் காலி" என்றான் ஃபயாஸ். குடுமி விவகாரத்தில் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த மஞ்சுநாத்கூட முன் சீட்டுக்கு வந்து என் காதில், "ரெட் கொடு குரு. யோசனையே மாடபேடா, பண்ணவே பண்ணாதே" என்றான். எனக்கும் அதேதான் ஆசை. லீக்குக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில், காலை ஆறே முக்காலுக்கு அந்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்து போனில் பாட்டு கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே பாதகங்களை மும்முரமாக எழுதினேன். ஐம்பத்தோரு வயதில் புது ஊர். மராத்தி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு எங்கே போவது? இங்கே இருபத்து மூன்று வருஷ சர்வீஸ், அங்கே புது மேனேஜர். குளிரில் முழங்கால் வலி வரும். புனேயில் அப்படியென்ன குளிர் என்று எனக்குத் தெரியாது, எழுதிவிட்டேன். ஐந்து கட்டமும் நிரம்பியது. வியாழக்கிழமை பரிசோதனைக் கூடத்திலேயே ஒரு சிவப்புச் சீட்டு வாங்கிக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் முடிகிறவரை படித்தார். பஸ் பாலத்தை விட்டு இறங்கியதும் இன்னொருமுறை படித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி மேன். ரெட்டுன்னா ரெட்டு. காலைலயே எச்.ஆர்.ல சொல்லிடறேன்."

கேட்டில் இறங்கி அவர் நேராக எச்.ஆர். பக்கம் நடந்தார். ஃபயாஸ் என் தோளைத் தட்டினான். மஞ்சுநாத் சிரித்தான். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவர் பின்பக்கத்தை எதற்குத் திருப்பிப் பார்த்தார்? இந்த மனிதர் ஒரு வரி விடாமல் படிப்பவர். எதையோ தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. எதைத் தேடியிருப்பார் என்று எனக்கு உறைத்தபோது அவர் பஞ்சிங் மெஷினைத் தாண்டியிருந்தார்.

ஓடினேன். என் வயதில், சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, செக்யூரிட்டி விசிலடிக்க அடிக்க ஓடினேன். எச்.ஆர். கதவில் கை வைத்தவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"கணக்கு தப்புபா."

"எங்க தப்பு?"

"நிர்மலாவ சேர்க்கவே இல்ல."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நானும் பாத்தேன் மேன்" என்றார். "மறந்துட்டியோன்னு நெனைச்சேன். கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சம்பந்தப்பட்டவன் பேசக் கூடாதுல்ல, அதான் சும்மா வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண்டாட்டியோடு வாழ்கிற வாழ்க்கையை ஒரு சீட்டுக்காக விட்டுக்கொடுக்கப் பார்த்தாரே என்று அவர் மேல் கோபம். அந்தச் சீட்டைக் கட்டிய என் மேல் அதைவிட அதிகம். அவர் பையிலிருந்து படிவத்தைப் பிடுங்கி, சிவப்பைப் பிய்த்து எறிந்தேன். கையில் பச்சை இல்லை. பேனாவால் 'பாஸ்' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இதுக்கு அஞ்சு கட்டம் பத்தாது. போய்ச் சொல்லிட்டு வா" என்றேன்.

அவர் அதையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

புனேயிலிருந்து வந்தவர் நல்ல பையன். நான் வாங்கும் பாகங்களுக்குப் பெரும்பாலும் பச்சைதான் கட்டுகிறார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பாட்டு கேட்கிறார். போன டிசம்பரில் நிர்மலா ஒரு கேக் அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: 'இவரை நான் ஏன் ஆறு வருஷம் விட்டுவைத்தேன் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. காய்கறிக்காரரிடம் அஞ்சு வருஷம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.' பஸ்ஸில் உரக்கப் படித்தோம். டிரைவர்கூடச் சிரித்தார்.

லீக்கில் அவர் இன்னும் இருக்கிறார், எட்டாம் இடத்தில். ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ஒரு டிரேடு அனுப்புவார். நான் மறுப்பேன். மறுத்தால் பொறுக்காது, ஏன் எதற்கு என்று உடனே போன் செய்வார், குறைந்தது முக்கால் மணி நேரம் பேசுவார். போன வாரம் அனுப்பியது எனக்கு நல்ல லாபமான டிரேடு. எடுத்திருந்தால் இந்த வருஷக் கோப்பையே என் வீட்டுக்கு வந்திருக்கும். வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.