பூச்சிக்குத் திருநீறு பூசிய குற்றம்

நமுனுகுல மலையடித் தோட்டம்,
1894, ஆனி 9.

மரியாதைக்குரிய மச்சான் அழகிரி அவர்களுக்கு, கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை வடிவம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கப்பலேற மூட்டை கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். என் வேலையே திங்கட்கிழமை வரைக்கும்தான், உங்களுக்கு எங்கே வாங்கித் தருவது?

எல்லாம் ஒரு பூச்சியால். எங்கள் துரைக்குத் தேயிலை சலித்துவிட்டது. கண்ணாடி இறகுள்ள விட்டில்பூச்சி வேண்டுமாம், சீமைக்கு அனுப்பினால் பெரிய பேர் வருமாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முந்நூறு பேரை நிறுத்தி அதன் படத்தைக் காட்டினார். கொழுந்து பறிக்கிற பெரியாயி, "பழைய கோப்பிச் செடியத் திங்கிற பச்சப் புழுதாங்க இப்பிடி ஆவுது" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். துரை சிரிக்கவில்லை. அந்தப் புழுவையே ஒரு கண்ணாடிப் பெட்டியில் மண் பரப்பிப் போட்டு, நம்பிக்கையான ஆள் என்று என் வீட்டில் வைத்தார். ஆகா, பெரிய உத்தியோகம்! புழு கூடாகிப் படுத்த நாள் முதல், நல்லபடியா வெளிய வரணும்னு தினமும் மூடிமேல் திருநீறு பூசிக் கும்பிட்டேன். இன்று காலை வந்தது. இறகு முழுக்கச் சாம்பல்! துரை அதைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், "என் பூச்சிக்கும் பூசிட்டியா?" என்று ஒரே கத்தல். "மூடிமேலதாங்க தொரை" என்றேன். காற்றுத் துளை வழியா விழுந்திருக்குமோன்னு எனக்கே சந்தேகம். திங்கட்கிழமைக்குள் இறகு கண்ணாடியாகாவிட்டால் நடையைக் கட்டச் சொல்லிவிட்டார். "பறக்க விடுங்கய்யா, ஒதறிரும்" என்கிறாள் பெரியாயி. ஆமாம், அதைப் பறக்க விட்டுட்டு நானும் பின்னாலேயே பறக்கிறேன்! ஏழு மாத வயிற்றுக்காரியை எங்கே கூட்டிப்போவேன்? பயமா இருக்கு மச்சான்.

முருகன் உங்களையாவது புத்தியோடு வைக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம். பூச்சி சமாச்சாரம் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
சுந்தரலிங்கம்

பின்குறிப்பு: கடிதம் ஒட்டப் பசை எடுக்கப் போன நேரத்தில் உங்கள் தங்கை பெட்டியைத் திறந்துவிட்டாள். பூச்சி வீட்டுக்குள் படபடவென்று ஒரு சுற்றுச் சுற்றியது. சாம்பல் அத்தனையும் இந்தக் கடிதத்தின்மேல் கொட்டியது; அது பூச்சி கூட்டிலிருந்தே கொண்டுவந்த தூள், திருநீறு என்று நெற்றியில் இட்டுவிடாதீர்கள். இறகு சுத்தக் கண்ணாடி! மறுபடி திட்ட வந்த துரை வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது. பெரியாயி சொன்னதுதான் சரி, திருநீற்றின்மேல் குற்றமில்லை என்று அவருக்கே புரிந்ததால் என் வேலை தப்பியது. ஆனால் பூச்சிப் பொறுப்பு இனி பெரியாயிக்கு. அவளுக்குக் கீழே கோப்பிச் செடியில் புழு பொறுக்குவது நான். உடனே கப்பலேறுங்கள். அவளிடம் கெஞ்சி உங்களுக்கும் ஒரு செடி வாங்கித் தருகிறேன்.