நூற்றிருபத்தேழுக்குப் பிறகு வந்தவர்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவே. நீ அங்கே கம்ப்யூட்டர் முன்னால் கூன் விழாமல் உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மாவின் கண் மருத்துவமனையில் நடந்ததைப் பற்றிப் பலவிதமாக உன் காதுக்கு வந்திருக்கும். எதையும் நம்பாதே. ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர் டோக்கன் புரோகிராம் எழுதினால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். "இலவசப் பரிசோதனை அன்னைக்கு ஒழுங்கா ஓடிச்சுன்னா இந்த டோக்கன் நாற்காலி உனக்கு. இல்லன்னா வீட்டுல போய் உட்காரு" என்று உன் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் உன் அத்தை என்னைப் பரண்மேல் ஏற்றிவிடுவாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எனக்குச் சோறே இறங்குகிறது.

"மாமா, டோக்கன் நம்பருக்கு இன்ட் போடுங்க. பைட் போட்டா நூத்தி இருபத்தேழுக்கு மேல தாங்காது" என்று நீ போனில் சொன்னது உண்மைதான். நான் கேட்கவில்லை. தினம் எண்பது பேர் வந்தால் அதிகம். அதற்கு எதற்கு இருநூறு கோடி வரை போகிற எண் வகை? நாலு பல்பு வைக்க ஒருவன் முழு அறை கேட்டால் கிடங்கில் கொடுத்திருப்பேனா? அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித்தான் எனக்குப் பழக்கம். பைட்டே போட்டேன்.

இலவசம் என்றதும் ஊரே திரண்டு வந்துவிட்டது. நூற்றிருபத்தேழு வரை அருமையாக ஓடியது. அடுத்து வந்த லாரி டிரைவருக்கு மைனஸ் நூற்றிருபத்தெட்டு என்று சீட்டு வந்தது. எண் உச்சியைத் தொட்டதும் ஒரே சுற்றில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. காத்திருப்பவர்களில் மிகச் சிறிய எண்ணை முதலில் கூப்பிடு என்று நானே எழுதியிருந்ததால், கடைசியாக வந்த டிரைவர் நேராக உள்ளே போனார், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். காலையிலேயே வந்து கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எண் காட்டும் பலகையே தெரியவில்லை, மைனஸ் கோடு எங்கே தெரியப்போகிறது? கொஞ்ச நேரம் எனக்கு நல்ல பேர்தான். அப்புறம் சொட்டு மருந்து விடாத தையல்காரம்மா ஒருவர் எழுந்தார். "ஏன் சார், லேட்டா வந்தா சீக்கிரம் போலாம்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? துணியெல்லாம் தோச்சுப் போட்டுட்டு வந்திருப்பேனே!" உடனே பாதிப் பேர் புது டோக்கன் எடுக்க ஓடினார்கள். உன் அம்மா வெளியே வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன்.

ஆனால் மாமா லேசுப்பட்டவனா? எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். டோக்கன் எண் இப்போது இன்ட். வரிசையில் சேர்க்கிற இடத்தில் மட்டும் பழைய பைட் இருக்கிறது. பெரியதைச் சின்னதில் போட்டால் மதிப்பு மாறிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. தெரிந்துதான் போடுகிறேன் என்று எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் பைட் என்று எழுதினேன், வாயை மூடிக்கொண்டது. கிடங்கிலும் மூட்டை உள்ளே போகாவிட்டால் முழங்காலால் ஒரு தள்ளு தள்ளித்தான் கதவைச் சாத்துவோம்.

வரும் ஞாயிறு மறுபடியும் இலவசப் பரிசோதனை. இதுதான் கடைசி வாய்ப்பு என்று நர்ஸ் மூலம் உன் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறாள். நீ லீவு போட்டு வரப்போவதாகக் கேள்வி. வேண்டவே வேண்டாம். மாமா இருக்கப் பயமென்ன?

நோய்நொடி இல்லாமல், கண்ணாடி போடாமல் நூறு வயது இரு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் முரண்டு பிடித்ததில் நியாயம் இருந்திருக்கிறது. உன் அம்மா தானே ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். சீட்டில் எண் சரி, வரிசையில் மைனஸ். அடுத்துக் கூப்பிட வேண்டியது அவளைத்தான். நீ இன்றே கிளம்பு. வீட்டில் உன் அத்தை ஏணியைத் துடைத்துப் பரணில் சாத்தி வைத்துவிட்டாளாம்.