கொக்கு சார் பள்ளியில் ஃபெயிலே கிடையாது

ஒரு காட்டில் குளம் ஒன்று இருந்தது. அதில் செங்கமலம் என்ற தவளை குடியிருந்தாள். அவள் இட்ட முட்டைகள் ஆயிரத்துக்கு மேல். மீன் தின்றது போக, பாம்பு தின்றது போக, வெயிலில் காய்ந்தது போக மிஞ்சியது ஒரே ஒரு தலைப்பிரட்டை. ஒற்றைப் பிள்ளை ஆயிற்றே என்று லித்விக் எனப் பெயர் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடாதீர்கள், அவளுக்கே தெரியாது.

லித்விக்குக்கு வால் அமோகமாக இருந்தது. கால்தான் வரவில்லை. கால் இல்லாத பிள்ளை நாளைக்கு எப்படிக் கரையேறும், எப்படிப் பிழைக்கும் என்ற கவலையில் செங்கமலத்துக்குத் தொண்டையில் ஒரு ஈ இறங்கவில்லை. பள்ளிக்கூடம் தேடிக் கிளம்பினாள்.

ஆமை வாத்தியாரின் அரசுப் பள்ளி சேற்றோரம் இருந்தது.

"வாத்தியாரே, என் பையனுக்குக் கால் முளைக்க வச்சுடுவீங்களா?"

"அது தானா முளைக்கும்மா. தண்ணி மேல நிழல் விழுந்தா உடனே சேத்துல முங்கணும். நான் அதைத்தான் சொல்லித் தர்றேன்."

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானாக முளைக்குமாம்! அப்புறம் இவருக்கு எதற்கு அரசாங்கச் சம்பளம்?

அடுத்து நண்டு நடத்திய அரசு உதவி பெறும் பள்ளி. இடம் இருக்கிறதா என்று கேட்டாள். நண்டு இடப்பக்கம் நகர்ந்து "நிர்வாகத்தைக் கேளுங்க" என்றது. வலப்பக்கம் நகர்ந்து "அரசாங்கத்தைக் கேளுங்க" என்றது. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று வாத்து ஒரு மாதிரிப் பள்ளி வைத்திருந்தது.

"நுழைவுத் தேர்வுல நாலு காலையும் காட்டணும்" என்றது வாத்து.

"கால் வர வைக்கத்தானே பள்ளிக்கூடம்?"

"கால் வந்த பிள்ளைங்களா இருந்தாத்தான் எங்களால கால் வர வைக்க முடியும்."

கடைசியில், குளத்தின் ஆழமில்லாத மூலையில் அந்தப் பலகையைப் பார்த்தாள். 'கொக்கு இன்டர்நேஷனல். நூறு சதவீதத் தேர்ச்சி.' முதல்வர் கொக்கு வெள்ளை வெளேரென்று, ஒற்றைக்காலில், கண்ணை மூடி நின்றிருந்தது. அந்த ஒழுக்கத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி மனசு விழுந்துவிட்டது.

"ஃபெயிலாகிற பிள்ளைங்களை என்ன செய்வீங்க சார்?"

"இங்க ஃபெயிலான ஒரு பிள்ளையை யாராவது பார்த்திருக்காங்களான்னு விசாரிச்சுட்டு வாங்க மேடம்."

குளம் முழுக்க விசாரித்தாள். ஒருவரும் பார்த்ததில்லை. அவளுக்குப் புல்லரித்தது.

"ஃபீஸ் எவ்வளவு சார்?"

"ஃபீஸெல்லாம் எதுக்கு? பிள்ளையைக் கொடுத்தா போதும்."

செங்கமலத்தின் முகம் தொங்கிவிட்டது. எதுவுமே வாங்காத பள்ளியில் தரம் எங்கிருந்து வரும்? கொக்கு ஒரு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தது.

"கட்டட நிதி மட்டும் உண்டு மேடம். நாற்பது மின்மினி."

அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. கட்டடம் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

சேர்ந்தபோது வகுப்பில் அறுபது பிள்ளைகள். கொஞ்ச நாளில் முப்பதானார்கள். பிறகு எட்டு.

"ஒரு சாருக்கு எட்டே எட்டுப் பிள்ளைங்க! அவ்வளவு தனிக் கவனம்!" என்று அடுத்த இலையில் குடியிருந்த முத்தழகியிடம் பீற்றிக்கொண்டாள்.

முத்தழகியின் மகன் ஆமை வாத்தியாரிடம் படிப்பவன். அவனுக்கு அதற்குள் நாலு காலும் முளைத்து, இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தான். செங்கமலம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது தமிழ் மீடியம் கால்" என்றாள்.

இருந்தாலும் உள்ளுக்குள் உதறல். கொக்கு சார் எழுதச் சொல்லி அனுப்பும் வீட்டுப்பாடம் மலை மாதிரி குவிந்தது. வேறு வழியில்லாமல், யார் கண்ணிலும் படாமல், லித்விக்கைச் சாயங்காலம் ஆமை வாத்தியாரிடம் டியூஷனுக்கு அனுப்பினாள். அவருக்குத் தெரிந்தது ஒரே பாடம். நிழல் விழுந்தால் முங்கு. அதையே திரும்பத் திரும்ப நடத்தினார்.

ஆண்டிறுதியில் வகுப்பில் லித்விக் மட்டும் இருந்தான். தண்ணீர்மேல் நிழல் விழுந்தது. முங்கினான். கொக்கின் மூக்கில் சேறுதான் வந்தது. மறுபடி நிழல், மறுபடி முங்கல். அந்த அவசரத்தில்தான் தனக்கும் கால் முளைத்திருப்பதைக் கவனித்தான். ஒரே தாவாகத் தாவி வீட்டில் வந்து விழுந்தான்.

"அம்மா, கொக்கு சார் எல்லாரையும் தின்னுட்டாரும்மா. ஒருத்தரும் மிச்சமில்லை."

செங்கமலம் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய்யில்லை, நிஜமாகவே குமுறிக் குமுறி அழுதாள். பள்ளி வாசலில் பார்த்த அத்தனை சின்ன முகங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அழுகையின் நடுவே என்னவோ உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா, வகுப்புல நீதான் ஃபர்ஸ்ட்டா?"

மறுநாள் குளத்தைச் சுற்றி ஃப்ளெக்ஸ் பேனர்கள். நடுவில் லித்விக் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'தேர்வு எழுதியவர் ஒருவர். தேர்ச்சி பெற்றவர் ஒருவர்.'

அடுத்த மழைக்குச் செங்கமலம் மறுபடி முட்டையிட்டாள். இந்த முறையும் மிஞ்சியது ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் கொக்கு பள்ளிக்கு ஓடினால், வரிசை கரை வரைக்கும் வளைந்து நின்றது. எல்லாருக்கும் முன்னால், கடைக்குட்டியை ஓட்டின்மேல் உட்கார வைத்தபடி, ஆமை வாத்தியார்.

"வாத்தியாரே, நீங்களா! என் பையன் பிழைச்சதே உங்க பாடத்தாலதான். உங்க பிள்ளையை உங்க பள்ளியில சேர்க்கக் கூடாதா?"

வாத்தியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கழுத்தைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அங்க பாடம் நடத்துறதே நான்தானேம்மா. அது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம்னு எனக்குத் தெரியாதா?"

கொக்கு கண்ணைத் திறக்காமலே, "அடுத்து" என்றது.

நீதி: பிள்ளையைச் சேர்க்கும் முன், அந்தப் பள்ளியில் ஃபெயிலானவர்களைத் தேடிப் பார்த்து விசாரிக்கவும். ஒருவர்கூட அகப்படவில்லை என்றால், தாமதிக்காமல் இடத்தைப் பிடித்துவிடவும்.