அத்தானின் ஜீப்பை நான் அசலாக்கிய கதை

சிலர் குடித்துக் குடும்பத்தைக் கெடுப்பார்கள், சிலர் சீட்டாடிக் கெடுப்பார்கள். நான் சரிபார்த்துக் கெடுத்தவன்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக எனக்கு ஒரே வேலை. அட்மிஷனுக்கு வருகிற பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் ஜெராக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'ஒரிஜினலுடன் ஒப்பிடப்பட்டது' என்று சீல் குத்துவது. குத்திக் குத்தி அந்த சீல் மண்டைக்குள்ளேயும் விழுந்துவிட்டது. மல்லித்தூள் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். (வெளிச்சத்தில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு திருப்தி.)

என் ஒரே அக்காவை ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் விவசாயம். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. எப்போதோ கொடைக்கானல் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கியது. நெல் மூட்டை, ஆடு, பிரசவ வலி எடுத்த பெண்கள் என்று எல்லாம் ஏறி இறங்கிய வண்டி. ஒரு நாள் மத்தியானம் உர மூட்டையோடு வந்து வாசலில் நிறுத்தினார், சாவியைத் திருப்பி அணைத்தார், இறங்கவில்லை. அக்கா காபியை ஆற்றிக்கொண்டு, "என்ன, அங்கிட்டே ஒக்காந்துட்டீங்க?" என்று கேட்டபடி வெளியே வந்திருக்கிறாள். மாரடைப்பு.

அன்றிலிருந்து ஜீப்பும் ஓடவில்லை. வேப்பமரத்தடியில் நின்று காய்ந்தது. ஒன்பது மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வருசத் திதிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. கோட்டைப்பட்டினம் கடலுக்கு அவரு வண்டியிலதான் போகணும்னு மனசுல இருக்கு. அத ஓடுற மாதிரி மட்டும் பண்ணிக் குடு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

கடைசி வாக்கியத்தை இப்போது எழுதும்போது தெளிவாகக் கேட்கிறது. அன்றைக்குக் கேட்கவில்லை.

வண்டியை அறந்தாங்கியில் சேவியர் அண்ணன் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம். பழைய ஜீப் என்றால் சுற்று வட்டாரத்தில் அவர்தான். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு, டீசல் பம்ப்பைக் கழுவணும், ரெண்டு நாள்ல எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்த ரெண்டு நாளில் நான் சும்மா இருந்திருக்கலாம். சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து, பழைய ஜீப் பிரியர்கள் வாட்ஸப் குரூப் ஒன்றில் போட்டேன்.

அரை மணி நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வீட்டில் பதினோரு பழைய ஜீப் வைத்திருக்கிறாராம். (அவர் வீட்டம்மாவை நினைத்துக்கொண்டேன்.)

"சார், அந்த நம்பரோட ஆரம்பத்தைப் பாத்தீங்களா? கம்பெனி ஒரே ஒரு தடவை கொஞ்ச வண்டி மட்டும் ஸ்பெஷலாப் பண்ணி விட்டாங்க. அதுல ஒண்ணா இருக்கும்போலத் தெரியுது. ஒரிஜினலா என்னென்ன இருந்துச்சுன்னு லிஸ்ட் அனுப்புறேன், ஒப்பிட்டுப் பாருங்க."

என்னிடம் போய் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? நாலு பக்க லிஸ்ட் வந்தது. பெயிண்ட் எந்தப் பச்சை, ஸ்டியரிங்குக்கு எத்தனை கம்பி, முன் சக்கரத்தில் கையால் திருகுகிற லாக் எந்த மாதிரி, டேஷ்போர்டில் வரிசை எண் பொறித்த சின்னத் தகடு. பிரின்ட் எடுத்து மூன்று கட்டம் போட்டேன்: ஒரிஜினல், பிற்சேர்க்கை, சந்தேகம். ஒரு வாரம் மெடிக்கல் லீவும் போட்டேன். அத்தானுக்கு இதைவிட மரியாதை யாரும் செய்ய முடியாது என்று மனதார நம்பினேன். அது பொய்யில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சேவியர் அண்ணன் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "சார், வண்டி ஓடணுமா, கண்காட்சியில நிக்கணுமா?" என்றார்.

"ரெண்டும்தாண்ணே."

"எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"சொன்னா சர்ப்ரைஸ் போயிரும்ணே."

நான் வேலையை ஆரம்பித்தேன். இடது பக்கம் ஏறுகிற இடத்தில், பழைய கலப்பைக் கொழுவைப் பற்றவைத்து, மேலே சைக்கிள் டயரைச் சுற்றி ஒரு படி இருந்தது. லிஸ்டில் இல்லை, பிற்சேர்க்கை. அறுத்து பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினேன். சீட்டுக்கு அக்கா பழைய சேலையில் தைத்த உறை. பிற்சேர்க்கை. டேஷ்போர்டுக்கு அடியில் தடவித் தடவி மொத்தையாக வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. அத்தான் வெற்றிலை போடுவார், விரலில் மிஞ்சுகிற சுண்ணாம்பை அங்கேதான் துடைப்பார். உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். (கை காய்த்துவிட்டது. அதைப் பெருமையாக போட்டோ வேறு எடுத்தேன்.)

வரிசை எண் தகடு மட்டும் கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஓட்டாக இறுகி, நடுவில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரோடு ஏதோ ஒரு சாமி தகடு இருந்தது. அதையும் எடுத்தேன். ஆனால் சாமி சம்பந்தப்பட்டதைக் குப்பையில் போடலாமா? ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஊரணிக்குக் கொண்டுபோய், கரையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, நடுத் தண்ணீரில் வீசினேன். பிறகு குரூப்பில், 'எண் தகடு மட்டும் காணவில்லை, வருத்தம்' என்று போட்டு, டூப்ளிகேட் தகடு ஒன்றுக்கு ஆர்டரும் கொடுத்தேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் ஏற்றுக்கொண்ட முதல் டூப்ளிகேட் அது.

திதி அன்று காலையில் ஜீப்பை அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதில் என் முகம் தெரிந்தது. சார்ஜாவிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்த அக்கா மகன் செந்தில் சுற்றிச் சுற்றி வந்து, "சூப்பர் மாமா" என்றான். அக்கா வெளியே வந்தாள். நேராக இடது பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிவைத்தாள். வைத்த இடத்தில் படி இல்லை. தடுமாறிச் சாய்ந்தவளை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவளுக்கு முட்டி தேய்ந்து வலி வந்த வருஷம் அத்தான் தன் கையால் பற்றவைத்த படி அது. கலப்பை அவருடைய அப்பாவின் கலப்பை.

"ஸ்டூல் எடுத்தாரேன்க்கா" என்றேன்.

அவள் நின்றபடியே கையை உள்ளே விட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தடவினாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. திரும்ப ஒரு தடவை. விரலை எடுத்துப் பார்த்தாள். பச்சைப் பெயிண்ட் வாசம்தான் வந்திருக்கும்.

"வண்டி நல்லா இருக்கு தம்பி" என்றாள். "இது யாரு வண்டி?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். செந்திலிடம் எள்ளும் பச்சரிசியும் இருந்த பையைக் கொடுத்து, "வா, பஸ்ஸுக்குப் போவோம்" என்று நடந்தாள்.

கோட்டைப்பட்டினம் வரைக்கும் நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனேன். பஸ் நின்ற ஸ்டாப்பில் எல்லாம் நானும் நின்றேன். பக்கத்து சீட் காலி. பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக அக்காவின் தலை தெரிந்தது, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "புதுசா எடுத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அக்காவும் செந்திலும் தண்ணீரில் நின்று திதி கொடுத்துக்கொண்டிருக்க, நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அத்தான் கடைசியாக உட்கார்ந்திருந்த சீட் அது. அந்த சீட்டையும் நான் மாற்றியிருந்தேன்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுவாரம் கோயம்புத்தூர்க்காரர் வேலைக்கு முன்னால் எடுத்த போட்டோக்களைக் கேட்டார். அனுப்பினேன்.

"சார், டேஷ்போர்டுல சந்தனம் பூசின மாதிரி இருக்கே, அது என்னது?"

"சாமி தகடு சார்."

"நாலு மூலையிலயும் கம்பெனி ரிவெட் இருக்கே சார். அதுதான் நம்பர் தகடு. அதை எங்க வச்சிருக்கீங்க?"

கற்பூரம் ஏற்றியதை நான் சொல்லவில்லை. ஊரணியில் ஆள் விட்டுத் தேடினேன். சேறுதான் வந்தது. இப்போது அது ஸ்பெஷல் வண்டி என்று நிரூபிக்கவும் வழியில்லை, அத்தான் வண்டி என்று சொல்லவும் வழியில்லை.

அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அதுல நம்பரு இருக்குன்னு அவருக்குத் தெரியுமே. வண்டிக்கு நெத்தி இதுதான்னு சொல்லித்தான் வருசா வருசம் பொட்டு வைக்கச் சொல்லுவாரு. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

கலப்பைப் படி மட்டும் தப்பியது. இரும்புக் கடைக்காரர் லாரியில் ஏறி இறங்க அதைத்தான் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். கெஞ்சி வாங்கி, சேவியர் அண்ணனிடம் கொடுத்துப் பற்றவைத்தேன். கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எதையும் தொடக் கூடாது. அக்கா வீட்டில் சட்டியைக் கழுவப்போனால், "அப்படியே விடுப்பா, அடிப்பிடிச்சது ஒரிஜினல்" என்பார்கள். போன மாதம் டாக்டர் என் கடவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றபோது அக்கா போன் செய்து, "லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டுப் புடுங்கச் சொல்லு" என்றாள். அவள் சிரித்துப் பேசினால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வருஷத் திதிக்கு ஜீப்பில்தான் போனோம். அக்கா கோணல் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். மடியிலிருந்து அத்தானின் சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். அவள் வெற்றிலை போடுகிற பழக்கமே இல்லாதவள். விரலில் துளி எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"டூப்ளிகேட்டுதான் தம்பி" என்றாள். "நீ பாத்து சீல் குத்திரு."

நான் சரி என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.