ஆறு இருபதுப் பறவை

செம்பூர்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உமா எழுதுவது. நான் சுகமாக இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்பர்நாத்தில் நீங்களும் உங்கள் மகன் முத்துசெல்வமும் மருமகள் ஜெனியும் அப்படிச் சான்றிதழ் எதுவும் தேவைப்படாமலே சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு புரோக்கர் வருவார், அக்கா வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடு என்று போனில் சொன்னீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். காரணம் போனில் சொல்லக்கூடியது அல்ல. முத்துசெல்வம் நாளை இந்தப் பக்கம் வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

ரத்த அழுத்தத்துக்காகக் காலைக் கல்லூரி வேலைக்கு மூன்று மாதம் லீவு போட்டேன் அல்லவா, அப்போது டாக்டர், மாத்திரையோடு இயற்கையோடும் கொஞ்சம் பழகுங்கள் என்றார். செம்பூரில் இயற்கை எங்கே கிடைக்கும் என்று அவர் எழுதித் தரவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்குப் போனேன். சிரிப்புச் சங்கத்தார் என்னை நடுவில் விட்டுச் சுற்றி நின்று கைதட்டினார்கள். மணிபிளான்ட் வாங்கினேன், பாட்டில் தண்ணீரிலேயே அழுகியது. பிறகுதான் அந்தப் பறவை. தினமும் காலை ஆறு இருபதுக்கு, ஜன்னலுக்கு மேலே எங்கிருந்தோ, மூன்று முறை கூவிவிட்டு நிறுத்தும். கண்ணில் படவே படாது. நாற்பது நாள் நோட்டுப் போட்டுக் குறித்தேன், ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. புள்ளியியல் நடத்துகிறவளுக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உயிருள்ள எதுவும் அவ்வளவு துல்லியமாக இருக்காது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்காகவே எழுந்திருக்கத் தோன்றியது.

அதைப் பதிவு செய்து, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒருவர் இமயமலையிலிருந்து வருகிற வகை என்றார். நான்கு பேர் வாழ்த்தினார்கள். மூன்றாம் நாள், குழுவை நடத்துகிற பைசான் என்கிற பல் டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், புரா மத் மானியே. யே சிடியா நஹி, டோர்பெல் ஹை." தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம், அது பறவை இல்லையாம், பறவைக் குரலில் அடிக்கிற காலிங் பெல்லாம்.

கீழே போய் வாட்ச்மேன் நாணுவிடம் பதிவைக் கேட்க வைத்தேன். "ஊப்பர்வாலே கா பெல் ஹை, மேடம்," என்றார். இந்த ஊரில் மேல் வீட்டுக்காரருக்கும் கடவுளுக்கும் ஊப்பர்வாலா என்கிற ஒரே சொல்தான். எந்த மேல் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்கு மேலே அக்கா வீடு. இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் மாட்டிய பெல், ஆறு இருபதுக்குப் பால்காரர் அடிப்பது. நான் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை தூங்குகிறவள். மற்ற நேரத்தில் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கும். "ஏளா, பெல்லு வேத்தாளுக்கு. நீ பேசாம உள்ள வா," என்பாள் அக்கா. அதனால் அந்தப் பெல்லின் குரலே எனக்குத் தெரியாது.

அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. பால் அப்போதே நின்றது. மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய் எட்டு மாதம். கரண்ட் இல்லாத வீட்டில் பெல் அடிக்கிறது. அடிப்பது யார் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பால்கனியோரம் அக்காவின் ரப்பர் செருப்பு கிடந்தது, எடுக்க மறந்திருக்கிறீர்கள். இடது செருப்பு மட்டும் தேய்ந்திருந்தது. அந்தக் காலை இழுத்து அவள் நடப்பது சாயங்காலமெல்லாம் என் தலைக்கு மேலே கேட்கும். ஆறு இருபதுக்குக் கதவின் அந்தப் பக்கம் பெல் அடித்தது. யாரு என்று நான் கேட்கவில்லை, அத்தான். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்றிருந்தது. கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. மாடிப்படி ஜன்னல் கம்பியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி. வாலைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை பெல் அடித்தது.

கேட்ட சத்தத்தைப் படித்துக்கொள்ளும் வகையாம், பைசான் சொன்னார். ஒரு வருஷம் பால்காரரிடம் பாடம் கேட்டிருக்கிறது. ஆக எனக்கு இயற்கையும் கிடைத்தது, விளக்கமும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வரட்டும், சாவியைத் தருகிறேன். வாங்குகிறவர்கள் பெல்லைக் கழற்றிப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. குருவியிடம் நகல் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்களுக்கு என் வணக்கம். உங்கள் மாத்திரையை நீங்களும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனி
உமாமகேஸ்வரி

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. முத்துசெல்வம் வருமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று ஆறேகாலுக்கே குருவி என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில், அலகை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரியாக ஆறு இருபதுக்கு, மேலே அக்கா வீட்டில் பெல் அடித்தது. குருவியும் என்னைப் போலவே தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. பிறகு பால்கனிப் பக்கமிருந்து ஒரு செருப்பு இழுபட்டு நடந்து, கதவுவரை போய் நின்றது. கதவு திறக்கவில்லை. எப்படித் திறக்கும், வெளியே பூட்டிச் சாவியை நான்தானே வைத்திருக்கிறேன். புரோக்கர் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் மேலே போகிறேன். பெல் அடிக்க மாட்டேன்.