குறை இருந்தால் கூப்பிடுங்கள்

"உங்க டிரைவருக்கு அறிவு இருக்கா?"

பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டு வீடு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் போனில் இப்படிக் கேட்டார் ஒருவர். யார் எவர் என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே அறிவு.

"இல்லைங்க" என்றார் லாரிக்காரர், வாய் தவறி.

"ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிசு! சிக்னல்ல நம்ம பின்னாடி நின்னுக்கிட்டு என்னமா ஹாரன் அடிச்சான், அப்புறம் முந்திக்கிட்டும் போயிட்டான்! அது ஸ்கூல் பஸ்ஸா, தீயணைப்பு வண்டியா? ஆபீஸ்ல நீங்கல்லாம் எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"எந்த ஆபீஸ்?"

"நல்லா இருக்கே! குறை இருந்தால் கூப்பிடுங்கள்னு பஸ் முதுகுல நம்பரை எழுதி வச்சுட்டு, கூப்பிட்டா எந்த ஆபீஸ்னா கேக்கறது?"

லாரிக்காரர் என்பது பட்டப்பெயர். பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுப் பள்ளிப் பேருந்துக்கு வந்ததால் சக ஓட்டுநர்கள் வைத்தது. மத்தியானம் ஷெட்டுக்குப் போனதும் முதல் காரியமாகத் தன் பேருந்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தொப்பையை எக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. அங்கே, புது மஞ்சள் பெயின்ட்டின் மேல் கொட்டை எழுத்தில் அவருடைய சொந்த போன் நம்பர்!

எப்படி நடந்தது என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. பள்ளியின் பத்துப் பேருந்துகளுக்கும் புது பெயின்ட் அடித்தபோது முதல் வண்டியைக் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். "நம்பரைச் சொல்லுங்க" என்றார் பெயின்டர். காய்ந்ததும் கூப்பிடுவதற்குக் கேட்கிறாராக்கும் என்று இவரும் சொல்லிவிட்டு வந்தார்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம்? போக்குவரத்துப் பொறுப்பில் இருந்த மேடம் லேசுப்பட்டவர் இல்லை. "மூணு புகார் வந்தா சாவியை மேசையில வச்சுட்டுப் போயிட்டே இருங்க" என்று முதல் நாளே சொன்னவர். நம்பர் தப்பு என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும், யார் கூப்பிட்டது, என்ன சொன்னார் என்று நோண்டாமல் விடுவாரா?

இந்த வேலை போனால் திரும்பவும் லாரிதான். அந்தக் காலத்தில் லாரிக்காரர் தன் வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வந்துபோவார். இப்போது தினமும் வீட்டுச் சாப்பாடு, சொந்தத் தலையணை. மனைவியோடு சண்டை போடக்கூட அவகாசம் கிடைக்கிறது. காலையில் படியேறும்போதே "குட் மார்னிங் மாமா" என்று கத்தும் வாண்டுகள் வேறு. இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகவா?

மண்ணெண்ணெய்த் துணியால் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார். பெயின்டர் நல்ல வேலைக்காரர். துணிதான் கிழிந்தது.

சரி, புகாரே வராதபடி ஓட்டிவிட்டால் போச்சு என்று முடிவு கட்டினார். ஹாரன் பக்கமே கை போகவில்லை. இருந்தும் மறுநாள் பாதி வழியில் போன் அலறியது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு போன் எடுக்கக் கூடாது என்பது சட்டம், விட்டுவிட்டார். அப்புறம் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினார்: "ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்க ஒரு நாதி இல்லையா?"

ஆகையால் அடுத்த நாள் போன் வந்ததும் ஓரங்கட்டி நிறுத்தி, பிரேக் போட்டார். அதற்குள் அது நின்றுபோய், சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. எடுத்தார்.

"ஏங்க, உங்க பஸ் என் கேட்டை மறைச்சுக்கிட்டு நிக்குது!"

லாரிக்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். போனைக் காதில் வைத்தபடி ஒருவர் கேட்டருகே நின்று முறைத்துக்கொண்டிருந்தார். இவர் சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டு, "இதோ, உடனே எடுக்கச் சொல்றேன் சார்" என்று கிசுகிசுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார்.

"அடேங்கப்பா! சொல்லி வாயை மூடல, அதுக்குள்ள நடவடிக்கையா!" என்று வியந்தார் கேட்டுக்காரர்.

இது சரிப்பட்டு வராது என்று அன்றே போனை வீட்டில் மனைவியிடம் கொடுத்துவிட்டார். "யாராவது கூப்பிட்டா ஆபீஸ்னு சொல்லு. கவனிக்கிறோம்னு மட்டும் சொல்லி வச்சுடு. வேற ஒரு வார்த்தை பேசாதே."

பேசாதே என்றால் பேசாமல் இருக்கிற பெண்மணியா அவர்?

"நீங்க சொல்றது வாஸ்தவம்ங்க" என்று ஆரம்பித்துவிடுவார். "அந்த ஆளுக்கு ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாது. வரட்டும் இன்னிக்கு, நான் பாத்துக்கறேன்."

பார்த்தும்கொண்டார். சாயங்காலம் தட்டில் சாப்பாடு விழுவதற்கு முன்னால் விசாரணை.

"பாலத்துக்கிட்ட ஒரு காரை முந்துனீங்களாமே?"

"என் வழியில ஏதுடி பாலம்?"

"ஒரு சாக்கடைப் பாலம்கூடவா இல்லை?"

"அது இருக்கு..."

"அப்புறம் என்ன பேச்சு? ரொம்ப வேகமா போறீங்கன்னு ஒருத்தர் சொல்றார். ஆமை மாதிரி உருட்டறீங்கன்னு இன்னொருத்தர் சொல்றார்."

"ரெண்டும் எப்படி ஒரே ஆளா இருக்க முடியும்?"

"உங்களை எனக்குத் தெரியாதா? வேகமா போக வேண்டிய இடத்துல நகர மாட்டீங்க. மெதுவா போக வேண்டிய இடத்துல பறப்பீங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போகும்போது பாக்கறேனே!"

லாரிக்காரருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றால் சும்மாவா? கதவு முழுதாகச் சாத்துவதற்குள் கிளப்புகிறார் என்று புகார் வந்தால், மறுநாள் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிள்ளையைத் தனியாக ரோட்டைக் கடக்க விட்டார் என்று வந்தால், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மாவோடு தானும் இறங்கி நின்று கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். பெரியவர்கள் யாரும் வராமல் ஒரு பிள்ளையையும் விடவில்லை. கடைசி நடை முடிந்ததும், யாராவது தூங்கிவிட்டார்களா என்று ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டார் ஆயாம்மா. "எல்லாரும் உக்காந்தாச்சு, பெல்ட்டும் போட்டாச்சு. இன்னும் எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?"

"என் லட்சணம் எனக்குத்தானேம்மா தெரியும்" என்றார் லாரிக்காரர்.

இவ்வளவு செய்தும் போன் ஓயவில்லை. மனைவிக்கோ பேரும் புகழும் கூடிக்கொண்டே போனது. "உங்களை மாதிரி ஒரு அதிகாரி இருந்தாப் போதும் மேடம்" என்று ஒரு தகப்பனார் உருகினாராம். அன்று லாரிக்காரருக்கு இரண்டாம் முறை சாப்பாடு போட அவர் மறந்தே போனார்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் விசாரணை நடக்கவில்லை. மனைவி சத்தமில்லாமல் தட்டை வைத்தார்.

"ஒரு அம்மா பேசினாங்க. பொண்ணு உக்கார்றதுக்குள்ள வண்டியைக் கிளப்பிட்டீங்களாம். குழந்தை விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பாம். திட்டக்கூட இல்லைங்க. அழுதாங்க."

லாரிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆயாம்மாவிடம் கேட்டால், நம்ம வண்டியில் யாரும் விழவே இல்லையே என்று சாதித்தார். பாவம், நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார். தன் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை விழுந்திருக்கிறது, அது தனக்கே தெரியவில்லை! இதைவிட என்ன கேடு வேண்டும்? வேலை போனால் போகட்டும், தன்னை நம்பி இனி ஒரு பிள்ளையை ஏற்றக் கூடாது என்று தோன்றிவிட்டது.

அன்று மாலையே ஷெட்டில் கூட்டம். பத்து ஓட்டுநர்களும் வரிசையாக நின்றார்கள். மேடத்தின் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு.

"வண்டியில நம்பர் எழுதின நாள்லேருந்து ஆபீசுக்கு ஒரு போன்கூட வரலை. பத்து வண்டி மேலயும் ஒரு குறை கிடையாது! எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

எல்லாரும் கை தட்டினார்கள். லாரிக்காரருக்குக் கண் கலங்கியது. மற்ற ஒன்பது பேரும் சொக்கத் தங்கம். இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் தான் ஒருவன்தான் உருப்படாதவன்!

முன்னால் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"என் வண்டி மேல புகார் இருக்கு மேடம். ஒண்ணு ரெண்டு இல்லை, தினமும் வருது. ஹாரன், ஓவர்டேக், வேகம், எல்லாம் நான்தான். இப்ப ஒரு குழந்தையும் விழுந்துடுச்சு. இதுக்கு மேல மறைக்க எனக்கு மனசு வரலை."

கைதட்டல் நின்றது. மேடம் புருவத்தை உயர்த்தினார். "எனக்கு ஒண்ணும் வரலையே?"

"எப்படி வரும்? பெயின்டர் ஆபீஸ் நம்பருக்குப் பதிலா என் நம்பரை எழுதிட்டாரு. புகாரெல்லாம் நேரா என் வீட்டுக்குத்தான் வருது" என்று நம்பரை ஒவ்வொன்றாக, சத்தமாகச் சொன்னார் லாரிக்காரர்.

ஒரு ஓரமாக வண்டி கழுவிக்கொண்டிருந்த பெரியவர் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அந்த நம்பரா தம்பி? அதைத்தானே நான் தினமும் பத்து வண்டி முதுகுலயும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறேன்!"